நிமிஷத்துக்குப் பன்னிரண்டு

பேர்ணாம்பட்டில் மே மாதம்.
ஆபீஸ் ரூம் ஜன்னல் கம்பியில்
அசையாமல் ஒரு பல்லி.
அசைந்தால் சுடும் என்று அதற்கும் தெரியும்.

"தேர்ட் குரூப் எடுத்துக்கோ,
காமர்ஸுக்கு டீச்சர் இருக்காங்க" என்றார்
கிளார்க் குணபூஷணம்,
பசை டப்பாவில் விரலை விட்டபடி.
"பிசிக்ஸுக்கு ஆளே இல்ல.
மாத்தலாகிப் போனவரு
நாற்காலிய மட்டும்தான் விட்டுட்டுப் போனாரு."

பணியிடப் பலகையில்
இயற்பியலுக்கு நேரே சாக்பீஸில் பூஜ்ஜியம்.
யாரோ அதற்குக்
கண்ணும் மூக்கும் வரைந்திருந்தார்கள்.

மெஹ்தாப் மூன்றுக்கு நேரே டிக் போட்டாள்.
பேனாவைத் திருப்பிக் கொடுத்தாள்.
மூடி இன்னும் அவள் பல்லிடுக்கில்.

"டாக்டராவணுமா?"
இல்லை சார்.
"இன்ஜினியரா?"
இல்லை.
"பின்ன எதுக்கு?"

ஒன்பதாவது படிக்கும்போது
அம்மாவுக்கு ஷூ கம்பெனியில் ஓவர்டைம் என்றால்
தோல் ஷாப்புக்குச் சோறு நான்தான் கொண்டுபோவேன்.
அங்கே ஆளைப்போல் இருமடங்கு உயரத்தில்
மர டிரம் ஒன்று சுற்றிக்கொண்டிருக்கும்.
உள்ளே தோலும் தண்ணீரும் குரோமும்
கட்டிப் புரண்டு மேலே ஏறும்,
ஏறி, ஏறி,
எங்கேயோ ஓரிடத்தில் பிடி விட்டு
தொம்.
மறுபடி ஏறும்.
தொம்.

அப்பா கை கழுவி வருவதற்குள்
வாட்ச்மேன் அறைக் கடிகாரத்தைப் பார்த்து எண்ணினேன்.
நிமிஷத்துக்குப் பன்னிரண்டு சுற்று.

ஏன் விழ வேண்டும்?
எங்கள் தெருவில் டேவிட்ராஜ்
வாளித் தண்ணீரைத் தலைக்கு மேல் சுழற்றுவான்,
ஒரு சொட்டு சிந்தாது.
மெதுவாகச் சுழற்றிய அன்று மட்டும் குளித்தான்.
அப்படியென்றால்
எந்த வேகத்தில் இந்தத் தோல்
விழுவதை மறக்கும்?

அப்பாவைக் கேட்டேன்.
"விழலன்னா பதமாவாது" என்று
சாம்பாரைப் பிசைந்தார்.
நகக்கண்ணெல்லாம் நீலம்.
அதுவும் விடைதான்.
வேறு கேள்விக்கு.

பழைய பேப்பர் கடைத் தராசில் இருந்தது
பதினோராம் வகுப்பு இயற்பியல், முதல் தொகுதி,
அட்டை இல்லை, ஓரமெல்லாம் கரையான்.
எட்டு ரூபாய்.
செங்குத்து வட்டம் என்ற பக்கத்தில்
முன்னால் படித்தவன்
ஒரு பெண் பெயரை அடித்து அடித்து எழுதியிருந்தான்.
அதன் அடியில் ஒரு வர்க்கமூலம்.

அம்மாவின் தையல் டேப்பால் டிரம்மை அளந்தேன்.
குறுக்கே மூன்று மீட்டர்.
விடை பதினேழு சுற்று என்று வந்தது.
மூன்று நாள் அதை நம்பித் திரிந்தேன்.
நாலாம் நாள் பல் துலக்கும்போது உறைத்தது:
ஆரத்துக்குப் பதில் விட்டத்தைப் போட்டிருக்கிறேன்.

மறுபடி போட்டால்
இருபத்து நாலு.

இருபத்து நாலில் தோல் மரத்தோடு ஒட்டிக்கொள்ளும்.
தொம் சத்தம் நின்றுவிடும்.
முதலாளிக்குத் தெரியாது, மேஸ்திரிக்குத் தெரியாது,
எங்கள் ஊரில் அந்தக் காலை
வாயில் நுரையோடு நின்ற எனக்குத் தெரிந்திருந்தது.

ஆனால் தண்ணீரை நான் சேர்க்கவில்லை.
பாதி டிரம் தண்ணீர், தோல்மேல் தோல் வழுக்கும்,
அதையெல்லாம் எப்படிக் கணக்கில் எடுப்பது என்று
அந்தப் புத்தகம் சொல்லவில்லை.
இரண்டாம் தொகுதியில் இருக்கலாம்.

இதை எப்படி குணபூஷணம் சாரிடம் சொல்ல?

ஒன்றுக்கு நேரே டிக் போட்டேன்.
பசை காய்ந்திருந்தது.
போட்டோ ஒருமுறை கீழே விழுந்தது.
எடுத்து, ஊதி, மறுபடி ஒட்டினேன்.

"உன்னோட சேத்து நாலு பேரு" என்றார்.
"லேப் சாவி யார்கிட்ட சார்?"
அவர் பதில் சொல்லாமல்
மேசை இழுப்பறைகளை ஒவ்வொன்றாக
இழுத்துப் பார்க்கத் தொடங்கினார்.